ஒரே கட்டில் இரண்டு காகிதம்

முகலாயர் காலத்து அரசு ஆவணங்களைத் தேடி அலைந்த ஒரு தணிக்கை ஊழியரின் அனுபவம்

‘பழைய பேப்பர்காரன்கூட எடைக்கு எடுக்கமாட்டான்’ என்று என் மனைவி சொல்லும் காகிதங்களை நான் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்துவந்தேன். அரசர்களின் முத்திரை குத்திய கடிதங்கள், நில மானியங்கள், வரி ரசீதுகள். பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஔரங்கசீப் என்ற பெயரைச் சொன்னாலே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோமே, அந்தக் காலம்.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, பி.காம். முடித்து, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் சேர்ந்தவன். 1986இல் அலகாபாத்துக்கு (இன்றைய பிரயாக்ராஜ்) மாற்றல் வந்தது. இந்தியே தடுமாற்றம். பாரசீகம் படிக்கப்போகிறேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கணக்கு. அலுவலகத்தில் ஒரு பழைய நில வழக்குக் கோப்பில் ஒரு தாள் இருந்தது. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை என்பதுபோல் வளைந்து நெளிந்த கோடுகள். பக்கத்து நாற்காலிக்காரர், “அது சியாக். முகலாயர் காலத்துக் கணக்கர்கள் எழுதிய எண்” என்றார். அரபு மொழியின் எண்ணுப் பெயர்களைச் சுருக்கிச் சுருக்கிக் குறியீடாக்கியது சியாக். இன்னொரு ஆள் எளிதில் திருத்திவிட முடியாத எண். தணிக்கைக்காரனுக்கு இதைவிட ருசியான விஷயம் உண்டா?

படிக்கத் தெரிந்த ஒரு மௌல்வி சாகேப், சௌக் பகுதியில் சந்து ஒன்றில் இருப்பதாகச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வாரம் மூன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கட்டணம் வேண்டாம் என்றார். பதிலுக்கு அவருடைய பென்ஷன் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தேன். என்னை ‘பாபு’ என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார்.

முதலில் அவர் சொல்லிக் கொடுத்தது பெயர்களை. “எல்லாவற்றையும் ஃபர்மான் என்று சொல்லாதீர்கள், பாபு. பாதுஷா கொடுத்தால்தான் ஃபர்மான். இளவரசர் கொடுத்தால் நிஷான். அதிகாரி கொடுத்தால் பர்வானா. பாதுஷாவின் வாய்மொழிப்படி மந்திரி எழுதினால் ஹஸ்புல் ஹுக்ம்.” ஃபர்மானின் தலையில் இறைவன் பெயர், அதன் கீழே துக்ரா என்ற அலங்கார எழுத்தில் பாதுஷாவின் பட்டங்கள், பக்கத்தில் வட்ட முத்திரை. நடுவட்டத்தில் பாதுஷாவின் பெயர். சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் தைமூர் வரைக்கும் போகும் முன்னோர் பெயர்கள். ஆனால் விஷயம் இருப்பது பின்பக்கத்தில். எந்த அலுவலகத்தில் என்றைக்குப் பதிவானது, யார் சரிபார்த்தார், எத்தனை பீகா நிலம் என்ற குறிப்புகள் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் ராஜாவுக்கு, பின்பக்கம் குமாஸ்தாவுக்கு. நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.

போலிகளும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு வந்ததும், வரியில்லாத மானிய நிலம் வைத்திருப்பவர்கள் ஆதாரம் காட்ட வேண்டும் என்று விசாரணை வைத்தது. ஆதாரம் தொலைத்தவர்களும் உண்டு. ஆதாரமே இல்லாதவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் கைகொடுக்க எழுத்துக்காரர்கள் இருந்தார்கள். பல ‘ஃபர்மான்’கள் அப்படிப் பிறந்தவை. முத்திரையிலுள்ள வருடத்துக்கும், கடிதத்திலுள்ள வருடத்துக்கும், ஹிஜ்ரி ஆண்டுக்கும், பாதுஷாவின் ஆட்சி ஆண்டுக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் போதும். பொய்க் கணக்கு எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான் உதைக்கும்.

சேகரிப்பு என்றால் காசியைத் தவிர்க்க முடியாது. அலகாபாத்திலிருந்து ரயிலில் சில மணி நேரம். ஹனுமான் காட், கேதார் காட் பக்கம் போனால் தமிழ் காதில் விழும், இட்லியும் கிடைக்கும். கேதார் காட்டில் குமாரசுவாமி மடம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் தெற்கிலிருந்து காசிக்கு வந்து, முகலாய அரசப் பிரதிநிதியைச் சிங்கத்தின் மேல் ஏறிப்போய்ச் சந்தித்து, மடத்துக்கு இடம் பெற்றார் என்பது நம் மரபு. சிங்கத்தை விடுங்கள். காசியில் ஒரு தமிழ்த் துறவி இடம் கேட்க வேண்டுமானால் பாரசீகம் பேசும் ஒரு அரசாங்கத்திடம் கேட்க வேண்டியிருந்தது என்ற நிர்வாக உண்மை அந்தக் கதைக்குள் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஜங்கம்பாடி மடம். கர்நாடகத்து வீரசைவர்களுடையது. அக்பர் காலம் தொடங்கிப் பல பாதுஷாக்கள் கொடுத்த ஃபர்மான்களை அவர்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஔரங்கசீப் கொடுத்ததும் அவற்றில் உண்டு.

அதே காசியில்தான் 1669இல் விஸ்வநாதர் கோயில் இடிக்கப்பட்டது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஔரங்கசீப்பின் சரித்திரத்தை அரசுப் பதிவேடுகளை வைத்து எழுதிய சாகி முஸ்தைத் கான், தன் ‘மாசிர்-இ-ஆலம்கிரி’யில் அதைப் பதிவு செய்திருக்கிறார். அடுத்த வருடம் மதுராவில் கேசவராய் கோயில். அந்தப் பதற்றக் காலத்தில்தான் கோவர்த்தனத்திலிருந்து ஸ்ரீநாத்ஜி விக்ரகத்தை வண்டியில் வைத்துக்கொண்டு பூசாரிகள் புறப்பட்டு, 1672இல் மேவாரில் இன்றைய நாத்துவாராவில் குடியேற்றினார்கள். 1564இல் அக்பர் ஒழித்த ஜிஸ்யா வரியை 1679இல் மறுபடி விதித்தவரும் ஔரங்கசீப்தான்.

ஆனால் 1659இல் காசியிலிருந்த தன் அதிகாரி அபுல் ஹசனுக்கு இதே பாதுஷா அனுப்பிய ஃபர்மான் ஒன்றும் இருக்கிறது. புதிய கோயில் கட்ட விடக்கூடாது, ஆனால் பழைய கோயிலை இடிக்கவும் கூடாது, அங்குள்ள பிராமணர்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது என்று அது சொல்கிறது. பஞ்சாபில் ஜக்பர் என்ற ஊரின் நாத யோகிகள் மடத்தில் கிடைத்த ஆவணங்களை பி.என். கோஸ்வாமியும் ஜே.எஸ். கிரேவாலும் 1967இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அதில் ஔரங்கசீப் அந்த மடத்து மகந்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பாதரசம் சொன்ன அளவுக்குத் தரமாக இல்லை, நன்றாகச் சுத்தம் செய்து இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள் என்று மரியாதையோடு கேட்கிறார் பாதுஷா. கூடவே அங்கிக்குத் துணியும் 25 ரூபாய் காணிக்கையும் அனுப்புகிறார்!

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. மௌல்வி சாகேப் அமைதியாகச் சொன்னார்: “இரண்டும் அவர்தான், பாபு. மனிதர்கள் ஒரே பதிலாக இருந்தால் கணக்கு எதற்கு?”

1989ஆம் வருடம் குளிர்காலம். காசியில் பழைய பொருள் விற்கும் ஒருவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். அவருடைய விலைப்பட்டியலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. “கோயிலுக்குக் கொடுத்த கடிதம் என்றால் ஐநூறு. கோயிலை இடித்த கடிதம் என்றால் ஐயாயிரம். எது வேண்டும்?” அயோத்தி விவகாரம் சூடுபிடித்திருந்த நேரம். சந்தைக்குத் தெரிந்திருந்தது, எந்தச் சரக்கு ஏறும் என்று.

அவரிடம் அன்று ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் அவர் கடைக்கு வந்திருந்த ஒரு அம்மாள் என் பின்னாலேயே வந்தார். வெள்ளைப் புடவை, அறுபது வயதிருக்கும். கையில் சிவப்புத் துணிக் கட்டு. “மதராசி பாபு, அந்த ஆள் இதில் ஒன்றை மட்டும் கேட்கிறான். எனக்கு இரண்டையும் பிரிக்க மனசில்லை. மாமனார் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார். பேத்திக்குக் கல்யாணம்” என்றார். ஆயிரத்து ஐநூறு ரூபாய் கொடுத்தேன். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அது சட்டப்படி சரியா என்று அப்போது யோசிக்கவில்லை. அந்த அம்மாளின் கையிலிருந்து எதை வாங்குகிறேன் என்பதையும் யோசிக்கவில்லை.

மௌல்வி சாகேப் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். முதல் தாள் ஒரு சக்நாமா. மானிய நிலத்துக்கு நான்கு எல்லை குறித்துக் கொடுக்கும் ஆவணம். ஔரங்கசீப் ஆட்சியின் ஆறாம் ஆண்டு, அதாவது 1663-64. ஒரு பூசாரிக்கு முன்பே இருந்த சில பீகா நிலத்தை உறுதி செய்து, கிழக்கே கிணறு, வடக்கே மாந்தோப்பு என்று அளந்து காட்டியிருந்தது. கீழே காஜியின் முத்திரை.

இரண்டாவது தாள் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மௌல்வி சாகேப் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் சொன்னார். ஹிஜ்ரி 1095. நம் கணக்கில் 1684. ஜிஸ்யா ரசீது. கட்டியவர் அந்தப் பூசாரியின் மகன். மூன்று தட்டில் கடைசித் தட்டு, ஏழைகளுக்கானது: வருடத்துக்கு 12 திர்ஹம்.

நடுத்தட்டுக்கு 24, பணக்காரர்களுக்கு 48. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடையாது. ஏட்டில் பார்த்தால் ஒழுங்கான வரி. ஆனால் 12 திர்ஹம் என்பது சுமார் மூன்றே கால் ரூபாய். அன்றைய கூலியாளுக்கு ஏறக்குறைய ஒரு மாத வருமானம். நீ வேறு மதம் என்பதற்காக வருடத்தில் ஒரு மாதம். அப்பாவுக்கு நிலத்தை அளந்து கொடுத்த அதே அரசாங்கம், இருபது வருடம் கழித்து மகனிடம் இதை வசூலித்திருக்கிறது. இரண்டு ரசீதையும் ஒரே குடும்பம் ஒரே துணியில் சுற்றி முந்நூறு வருடம் வைத்திருந்திருக்கிறது.

இங்கே நான் ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். சக்நாமாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். ரசீதைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மௌல்வி சாகேப் அடிக்கடி வீட்டுக்கு வருவார். சுவரில் அதைப் பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று எண்ணம். ஆறு மாதம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே, “இன்னொன்று எங்கே, பாபு?” என்றார். நான் மென்று விழுங்கினேன். “வரவை மட்டும் காட்டிச் செலவை மறைக்கிற கணக்கை உங்கள் ஆபீசில் பாஸ் செய்வீர்களா? என்னை நம்பவில்லையா நீங்கள்?”

அன்று இரவே சட்டத்தைக் கழற்றினேன். நல்லதாகப் போயிற்று. வெளிச்சம் பட்டு ஒரு மூலை பழுப்பேறத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்து மை பெரும்பாலும் விளக்குக் கரியும் கோந்தும் சேர்ந்தது. தண்ணீர் பட்டால் கரையும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டினால் பத்து வருடத்தில் காகிதமே மஞ்சளாகும். ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் லேமினேஷன் செய்தால் முடிந்தது கதை. அமிலம் இல்லாத தாளுக்கு நடுவே படுக்கை வசமாக வைக்க வேண்டும். பூச்சிக்கு வேப்பிலையும் கிராம்பும் போதாது. மாதம் ஒரு முறை திறந்து பார்க்கிற கண்தான் மருந்து.

1992 டிசம்பருக்குப் பிறகு என் கட்டுக்குத் திடீர் மவுசு வந்தது. அடுத்த வருடத்தில் இரண்டு குழுவினர் என்னைத் தேடி வந்தார்கள். முதல் குழு ஒரு கண்காட்சி வைக்கவிருந்தது. ஜிஸ்யா ரசீதை மட்டும் கேட்டார்கள். “இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தருகிறேன்” என்றேன். “அந்த நிலக் கடிதம் ஜனங்களைக் குழப்பும்” என்றார்கள். இரண்டாவது குழு மத நல்லிணக்கக் கருத்தரங்கு நடத்துபவர்கள். அவர்களுக்குச் சக்நாமா மட்டும் வேண்டும். அதே நிபந்தனையைச் சொன்னேன். “இந்த நேரத்தில் ரசீதைக் காட்டினால் புண்ணைக் கிளறுவதாகும்” என்றார்கள். ஒருவர் என்னை ‘அந்தப் பக்கத்து ஆள்’ என்றார். மற்றவர் ‘இந்தப் பக்கத்து ஆள்’ என்றார். அந்த முதல் குழுவில் என் அலுவலக நண்பர் ஒருவர் இருந்தார். ஏழு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு அவர் என் மேஜைக்கு வரவில்லை.

இரண்டு குழுவிலும் நல்லவர்கள் இருந்தார்கள் என்பதுதான் வருத்தம். ஒருவர் தன் முன்னோர் பட்ட அவமானத்தை யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். மற்றவர் தன் பக்கத்து வீடு எரியக்கூடாது என்று நினைத்தார். இரண்டு ஆசையும் நியாயமானவை. ஆனால் அதற்காகக் கட்டைப் பிரிக்கச் சொன்னார்கள்.

பெரிய மனிதர்கள் எப்படிச் சேகரித்தார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். சர் ஜாதுநாத் சர்க்கார் ஔரங்கசீப்பின் சரித்திரத்தை ஐந்து பாகமாக எழுதியவர். முகலாய தர்பாரின் செய்தித் துண்டுகளான ‘அக்பாரத்’துகளை ஊர் ஊராகத் தேடிப் பிரதியெடுக்க வைத்தார். அவருடைய சீடர், சீதாமவ் இளவரசர் ரகுபீர் சிங், வெளிநாட்டு நூலகங்களிலுள்ள ஆவணங்களின் மைக்ரோஃபிலிம்களைத் தருவித்துத் தன் ஊரிலேயே ஆய்வகம் அமைத்தார். குஜராத்தில் எம்.எஸ். கமிசாரியட் முகலாய ஃபர்மான்களைத் தொகுத்தார். 1645இல் இளவரசர் ஔரங்கசீப் குஜராத் சுபேதாராக இருந்தபோது அகமதாபாத்தின் சிந்தாமணி பார்சுவநாதர் ஜைனக் கோயிலை மசூதியாக மாற்றியதும், 1648இல் ஷாஜஹான் அதை நகைவியாபாரி சாந்திதாசிடமே திருப்பிக் கொடுக்க ஃபர்மான் அனுப்பியதும் அப்படித்தான் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. இவர்கள் சேர்த்ததில் பெரும் பகுதி நகல்கள். காகிதம் தன்னிடம் இருக்க வேண்டும் என்பதைவிட அதில் உள்ளது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள். பிகானீரில் ராஜஸ்தான் அரசு ஆவணக் காப்பகத்தில் அடுக்கடுக்காக ஃபர்மான்களைப் பார்த்தபோது என் இரண்டு தாள் எனக்கே சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது.

சட்டமும் அப்போதுதான் தெரிந்தது. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட சரித்திர மதிப்புள்ள ஆவணம் தொல்பொருள்தான். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்கிறவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கடைக்காரரிடம் உரிமம் இருந்ததா? கேட்டதே இல்லை நான். அடுத்தவன் வவுச்சரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் ஆட்சேபணை எழுதியவன்!

மௌல்வி சாகேப் 1998இல் காலமானார். அவருடைய பாரசீக அகராதி இப்போது என்னிடம் இருக்கிறது.

2011இல் ஒரு இளைஞன் வீட்டுக் கதவைத் தட்டினான். காசியிலிருந்து வருவதாகச் சொன்னான். அந்த அம்மாளின் பேரன். பாட்டி சாகும்போது, “அலகாபாத்தில் ஒரு மதராசி பாபுவிடம் நம் காகிதம் இருக்கிறது. அவர் பிரித்திருக்கமாட்டார்” என்று சொன்னாராம். பணம் கொடுத்து மீட்க வரவில்லை. பார்க்க மட்டும் வந்திருந்தான். மேஜையில் இரண்டையும் விரித்தேன். அவன் மூதாதையின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைக்காமல், சற்று மேலே காற்றில் பிடித்துக்கொண்டே படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு மகனின் பெயர். “இவருக்கு வயல் இருந்திருக்கிறது. இருந்தும் ஏழைத் தட்டில் கட்டியிருக்கிறாரே?” என்றான். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. நிலம் பறிபோயிற்றா, பங்காளிகளிடம் பிரிந்ததா, அல்லது அதிகாரி இரக்கப்பட்டுத் தட்டைக் குறைத்தாரா? காகிதத்தில் அது இல்லை.

அந்தக் கிணற்றையும் மாந்தோப்பையும் தேடி இருவரும் போனோம். செங்கல் சூளைகள்தான் இருந்தன. அவன் சிரித்துவிட்டான்.

“எடுத்துக்கொண்டு போ, தம்பி. இது உன்னுடையது” என்றேன். அவன் யோசித்தான். இரண்டு அறை வீடு, மழைக்கு ஒழுகும். “நீங்கள் ரெண்டையும் எப்படி வைத்திருந்தீர்களோ, அப்படியே வைக்கிற இடம் சொல்லுங்கள் சாச்சா” என்றான். அவன் குடும்பத்தாரின் கையெழுத்தோடு ஓர் அரசு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். விலை கேட்கவில்லை.

ஒப்படைக்கும் நாளில் ஒரு சிக்கல். பதிவு செய்த ஊழியர் நல்ல மனிதர், விதிப்படி நடக்கிறவர். “நில ஆவணம் ஒரு வரிசை, வரி ரசீது இன்னொரு வரிசை. வெவ்வேறு அலமாரி” என்றார். நான் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கோப்புகளில் உழன்றவன். விதிக்குள்ளேயே வழி இருக்கும் என்று தெரியும். ஒரே நன்கொடையாளரிடமிருந்து ஒன்றாக வந்தவற்றைத் தனிக் கட்டாகவே பதியலாம் என்று கேட்டு, அரை நாள் உட்கார்ந்து, மூன்று மனு எழுதினோம். கடைசியில் மேலதிகாரி கையெழுத்திட்டார்.

இப்போது அவை ஒரே உறையில், ஒரே எண்ணில் இருக்கின்றன. யார் கேட்டாலும் இரண்டும் சேர்ந்துதான் மேஜைக்கு வரும். என்னிடம் இருப்பது அந்தச் சிவப்புத் துணி மட்டும். அதைக் காப்பகத்தில் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். துணியில் பூச்சி வருமாம்.